மலைக்கோட்டையும் ஒரு மாணவனின் கேள்வியும்



நேற்று மாலை பேரனோடு நம் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போனேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வகுப்பு நினைவுக்கு வந்தது.

மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை இது. 1755-இல் ஹைதர் அலி இங்கே பொறுப்பேற்றார். அதன்பின் மைசூர்க்காரர்களும் ஆங்கிலேயரும் இதை மாறி மாறிப் பிடித்தார்கள். கடைசி முற்றுகை 1790-இல், திப்பு காலத்தில். கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பீரங்கிகளால் மதிலை உடைத்து, ஆகஸ்ட் 21 மாலை படையை ஏவினார். உள்ளே இருந்தவர்கள் அடித்து விரட்டிவிட்டார்கள். ஆனால் மறுநாள் விடிந்ததும் கோட்டையில் வெள்ளைக்கொடி!

"ஜெயிச்சவங்க எதுக்கு சார் கொடியைத் தூக்குனாங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். "உட்காருடா, போர்ஷனை முடிக்கணும்" என்றேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது.

ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று ஸ்டூவர்ட்டிடம் வெடிமருந்து அநேகமாகத் தீர்ந்துவிட்டது. இது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. இன்னொரு தாக்குதல் வரும் என்று பயந்து சரணடைந்தார்கள்.

இதே கதை இத்தாலியிலும் நடந்திருக்கிறது. 538-இல் கோத்தியர் வசமிருந்த உர்பினோ என்ற மலைநகரை பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ் முற்றுகையிட்டார். இதைப் பிடிக்கவே முடியாது என்று அவருடைய சக தளபதிகள் சிலர் படையோடு விலகிப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. ஊருக்குள் இருந்த ஒரே ஊற்று மூன்றே நாளில் வற்றியது. அது அவருக்குத் தெரியாது. அவர் படை மேலே ஏறத் தொடங்கியதும் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்துவிட்டார்கள்.

அங்கே எதிரியின் கஷ்டம் தெரியாமலே ஒருவர் காத்திருந்தார், வென்றார். இங்கே எதிரியின் கஷ்டம் தெரியாமல் நம்மவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கைவிட்டார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையே கம்பெனிக்குப் போய்விட்டது.

தம்பி, நீ எங்கே இருக்கிறாயோ தெரியவில்லை. கேள்வி உன்னுடையது, தவறு என்னுடையது. உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துவிடு. இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று: போர்ஷன் நாளைக்கும் முடியும், பிள்ளை கேட்டால் நிற்கவிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்