துணை முதலில், காவல் பிறகு: போடிமலைச் சரிவில் சமயத்தின் பரிணாமம்

சமயம் ஏன் தோன்றியது என்ற கேள்விக்கு இரண்டு பழைய விடைகள் உண்டு. கனவையும் சாவையும் விளங்கிக்கொள்ள முயன்ற மனிதன் ஆவிகளை நம்பத் தொடங்கினான் என்று 1871ல் எட்வர்ட் டைலர் எழுதினார். சாமி கும்பிடுவதன் வழியே ஒரு கூட்டம் தன்னைத்தானே கூட்டமாக உணர்கிறது என்று 1912ல் எமில் துர்கைம் எழுதினார். அண்மைக் காலப் பரிணாம ஆய்வாளர்கள் இதனோடு மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். முகம் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழ வேண்டுமானால், எல்லாவற்றையும் பார்த்துத் தவறுக்குத் தண்டிக்கும் ஒரு பெரிய கடவுள் வேண்டும் என்பது 2013ல் ஆரா நோரென்சயான் விரிவாக முன்வைத்த கருத்து. பெரிய சமூகங்கள் உருவான பிறகே அத்தகைய கடவுளர் வந்தனர் என்று அதை மறுத்து 2019ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, தரவுகளைக் கையாண்ட முறை கேள்விக்குள்ளாகி 2021ல் திரும்பப் பெறப்பட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்த வழக்கில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரையிலான மலைச்சரிவும் அதை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கும் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவை. காட்டில் கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த பளியர், மலையில் காடு திருத்திப் பயிரிட்ட முதுவர், நடுகல் நட்ட பழங்குடிகள், பங்காளிகளின் குலதெய்வக் கோயில்கள், லட்சக்கணக்கானோர் கூடும் அம்மன் திருவிழா, எல்லை தாண்டிய ஏலத்தோட்டங்கள் எல்லாம் இங்கே ஒரு பகல் பயணத்துக்குள் அடங்குகின்றன.

பளியரிடமிருந்து தொடங்குவோம். போடி மலையடிவாரத்தில் சிறைக்காடு போன்ற குடியிருப்புகளில் இன்று வாழும் இம்மக்களைப் பற்றி, பழனி மலையை மையமாக வைத்து 1908லேயே தாமென் என்ற சேசு சபைப் பாதிரியார் எழுதினார். ஆழமான ஆய்வு பீட்டர் கார்ட்னருடையது. 1962 முதல் 1964 வரை பளியர்களோடு தங்கி ஆய்வு செய்த அவர், தலைவனுக்கு அதிகாரம் இல்லாத, ஒருவர் மற்றவர் மீது ஆணை செலுத்துவதையே அவமதிப்பாகக் கருதும் ஒரு சமூகத்தைக் கண்டார். சண்டை முற்றினால் அடித்துக்கொள்வதில்லை. ஒரு தரப்பு வேறிடம் போய்விடும். இவர்களிடமும் சாமி உண்டு, சாமியாடி உண்டு. சாமி இறங்கியதும் மக்கள் அதனோடு பேசுகிறார்கள். நோய்க்குக் காரணம் கேட்கிறார்கள், காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறார்கள்.

நோரென்சயானின் கோட்பாட்டுக்கு இது நெருக்கடி என்று நான் சொல்லவில்லை. சிறு கூட்டத்துக்குக் காவல்காரக் கடவுள் தேவையில்லை என்றுதான் அவரும் சொல்கிறார். ஆனால், காவல் வேலை இல்லாதபோது சாமி என்ன வேலை செய்தது என்ற கேள்வியை அந்தக் கோட்பாடு விரைந்து கடந்துவிடுகிறது. யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாத இடத்தில், நோயுற்றவனைச் சுற்றி எல்லோரையும் ஓரிரவு உட்காரவைக்க ஒரு குரல் வேண்டும். மனிதன் சொன்னால் அது அதிகாரமாகிவிடும். சாமி சொன்னால் ஆகாது. சமயத்தின் மிகப் பழைய சமூகப் பயன்களில் ஒன்று இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. உலகின் 33 வேட்டைச் சமூகங்களை ஒப்பிட்டு 2016ல் பீப்பிள்ஸ், டூடா, மார்லோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வும், இயற்கைப் பொருள்களில் உயிர் காணும் நம்பிக்கையே மிகப் பழையது, சாமியாடி மரபு அதன் பின் வந்தது, மனிதர் வாழ்வில் தலையிடும் பெருங்கடவுள் தொடக்கத்தில் இல்லை என்ற முடிவுக்கே வருகிறது. பளியரை ஆதிமனிதரின் எச்சம் என்று பார்க்கக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சமவெளி வணிகரோடு நெடுங்காலம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் அவர்கள். சிறு கூட்டம் ஒன்றில் சாமிக்கு என்ன வேலை இருக்க முடியும் என்பதற்கே அவர்கள் சான்று.

அடுத்த கட்டத்தைக் கல் சொல்கிறது. 2006ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். கி.மு. காலத்தைச் சேர்ந்த அவற்றுள் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. ஆடுமாடு சொத்தாகிவிட்ட சமூகத்தில் அதற்காகச் செத்தவன் வணக்கத்துக்குரியவன் ஆகிறான். இங்கே சாமிக்குப் பெயரும் ஊரும் வந்துவிட்டன. குலதெய்வம் இதைத் தலைமுறைகளின் வழியே நீட்டிக்கிறது. பிரமலைக் கள்ளர் பற்றி லூயி துய்மோன் 1957ல் பிரெஞ்சில் வெளியிட்ட நூல் காட்டுவது போல, ஒரே கோயிலைக் கும்பிடுவோர் பங்காளிகள். அவர்களுக்குள் மண உறவு கிடையாது. மாசிப் பச்சைத் திருவிழாவுக்குப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலில் கூடும் கூட்டம், யாருக்கு யார் என்ன முறை என்பதைச் சாமி முன்னிலையில் ஆண்டுதோறும் உறுதி செய்துகொள்ளும் கூட்டமும் ஆகும்.

கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டம்தான் இந்த வரலாற்றின் திருப்புமுனை. சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காண்டம், வேங்கை மர நிழலில் நின்று வானேறிய பெண்ணை மலைக்குறவர்கள் தங்கள் தெய்வமாக்கிக் குரவை ஆடுவதில் தொடங்குகிறது. அதற்குப் பின்னர்தான் செங்குட்டுவன் இமயம் சென்று கல் கொண்டுவருகிறான். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற காதைப் பெயர்கள், தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் துறைகளையே பின்பற்றுகின்றன. ஆநிரை மீட்டவனுக்கு ஊரார் செய்த சடங்கு, அரசு செய்யும் சடங்காகிவிட்டது. கண்ணகியிடம் வரம் வேண்டும் இடத்தில் இலங்கை வேந்தன் கயவாகுவும் நிற்கிறான். ஒரு மலையின் தெய்வம் நாடுகளுக்குப் பொதுவாகிறது. மலையின் உட்பகுதியில் கோவில்மலையில் இன்றும் தம் அரசரோடு வாழும் மன்னான் பழங்குடியினர், கோவலன் கண்ணகி கதையைத் தங்கள் கூத்தாக ஆடுகிறார்கள். மதுரையைவிட்டு மீனாட்சியைச் சுமந்து மலையேறிய கதை முதுவரிடம் உண்டு. சமவெளித் தெய்வங்களும் மலைத் தெய்வங்களும் இந்தக் கணவாய்கள் வழியே இரு திசையிலும் நடந்திருக்கின்றன.

கண்ணகி தண்டிக்கும் தெய்வம்தான். ஆனால், அவள் தண்டித்தது யாரை? பெரிய கடவுளர் கோட்பாட்டில் கடவுளின் கண் குடிமக்கள் மேல் இருக்கிறது. களவு செய்யாதே, ஏமாற்றாதே என்று கீழே பார்க்கிறது. இங்கே தெய்வத்தின் சினம் அரியணை மேல் பாய்கிறது. அரசு வளர்ந்தபோது அதன் ஒழுங்குக்குத் துணையாகக் கடவுளும் வளர்ந்தார் என்பது பாதி உண்மை. அரசின் அநீதிக்குக் கணக்குக் கேட்கவும் ஒரு தெய்வம் தேவைப்பட்டது என்பதை இந்த மலை சேர்த்துச் சொல்கிறது. கோட்பாட்டாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது.

அப்படியானால் அந்நியரிடையே நம்பிக்கையைக் கட்டியது எது? நேர்த்திக்கடன் என்பதே இப்பகுதி தரும் விடை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரையில் அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுப்பவர்கள், தம் பக்தியை ஊர் பார்க்க உடம்பால் மெய்ப்பிக்கிறார்கள். எலினார் பவர் தென்தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் யார் யாரிடம் கடன் கேட்கிறார், யாரிடம் யோசனை கேட்கிறார் என்று வீடுவீடாகக் கேட்டுப் பதிந்து, 2017ல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுவான ஆதாரம். தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களையும், தீமிதி போன்ற கடினமான வேண்டுதலைச் செய்கிறவர்களையும் ஊர் நல்ல குணமுள்ளவர்களாக மதிக்கிறது. அவசரத்துக்கு உதவும் உறவுகளும் அவர்களுக்கே அதிகம். மொரீசியசில் தமிழர் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த திமித்ரிஸ் சிகாலத்தாஸ் குழு, அலகு குத்தியவர்களும் கூடவே நடந்து பார்த்தவர்களும், வெறும் கூட்டு வழிபாட்டில் கலந்தவர்களைவிட அதிகமாகத் தர்மம் கொடுத்ததை 2013ல் பதிவு செய்தது.

மேலிருந்து பார்க்கும் கடவுளின் கண்ணைவிட, பக்கத்தில் நின்று பார்க்கும் ஊராரின் கண்ணுக்கே இங்கே வேலை அதிகம். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கணவாய்ச் சாலை வளைவுகளைக் கடந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாத வேலையில் கைம்மாற்றும் முன்பணமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் தெரிந்தவர்கள் மூலமே கிடைக்க வேண்டும். வீரபாண்டியில் ஒன்றாகச் சட்டி எடுத்தவர்கள்தான் ஒரே ஜீப்பில் ஏறுகிறார்களா, ஒருவருக்கொருவர் கடனுக்குப் பொறுப்பேற்கிறார்களா என்று பவரின் முறையிலேயே பெயர் பெயராகக் கேட்டுப் பதிவதுதான் இந்தச் சரிவில் அடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வு.