மனத்தைச் சான்றாக்கிய மொழி

தாமாகச் செயல்படும் நிரல்களான மென்பொருள் முகவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேக்யூஎம்எல் என்ற மொழி உருவானது. சொல்வதும் ஒரு செயலே என்று 1955இல் ஹார்வர்டு உரைகளில் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் விளக்கிய கருத்தும், அதை வளர்த்தெடுத்த ஜான் சியர்லின் 1969ஆம் ஆண்டு நூலுமே அதன் வேர். முகவர்களுக்கான தரங்களை வகுக்க 1996இல் தொடங்கிய ஃபிபா அமைப்பு, இதே வழியில் தான் உருவாக்கிய மொழிக்குக் கறாரான தர்க்க இலக்கணம் வகுத்தது: ஒன்றைத் தெரிவிக்கும் முகவர் அதை உண்மையென நம்ப வேண்டும், கேட்பவரையும் நம்பவைக்கும் நோக்கம் அதற்கு இருக்க வேண்டும். அழகான இலக்கணம்தான். ஆனால் அதன் அடித்தளம் பிழையானது என்றே கருதுகிறேன். வேறொரு நிறுவனம் எழுதிய நிரலுக்குள் என்ன நம்பிக்கை இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யார் சோதிப்பது? பொய் சொல்லும் முகவரும் விதியை மீறாததாகவே தோன்றும்.

1998இல் கணினி அறிவியலாளர் முனிந்தர் சிங் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, செய்தியின் பொருளை மனத்திலிருந்து பொதுவெளிக்கு, அதாவது சமூகக் கடப்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்றார். விலை சொன்ன முகவர் அந்த விலைக்குக் கட்டுப்பட்டது. மீறினால் செய்திப் பதிவே சாட்சி. நம்பிக்கையும் நோக்கமும் இல்லாமல் முகவர் எதைப் பேசுவதெனத் தீர்மானிக்க முடியாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது முகவரை வடிவமைப்பவரின் கவலை. அந்நியர்களுக்கிடையே செல்லுபடியாக வேண்டிய பொதுத் தரம் அதைச் சுமக்கக் கூடாது. ஆயினும் 2005இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரக்குழுவாக இணைந்த ஃபிபாவின் ஆவணங்களில் பழைய மன இலக்கணமே நீடித்தது.