கங்கைக் கரையில் நேருவின் சுவடுகள்

வரலாற்றை ஏட்டில் கற்பது ஒரு முறை. அது நிகழ்ந்த மண்ணில் நின்று கற்பது மற்றொரு முறை. இவ்விரண்டாம் முறைக்கு மிகவும் ஏற்ற நகரங்களுள் ஒன்று, கங்கையும் யமுனையும் கலக்குமிடத்தில் அமைந்த அலகாபாத். 2018ஆம் ஆண்டில் அதன் பெயர் பிரயாக்ராஜ் என மாற்றப்பட்டது. இந்தியாவின் முதல் பிரதமர் சவகர்லால் நேரு 1889ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பிறந்தது இந்நகரில்தான்.

அங்குச் செல்வோர் முதலில் நாடுவது ஆனந்த பவனம். புகழ்பெற்ற வழக்கறிஞராய்ப் பெரும்பொருள் ஈட்டிய தந்தை மோதிலால் நேரு, தம் பழைய மாளிகையை 1930இல் காங்கிரசுப் பேரியக்கத்திற்கு வழங்கினார். அது சுயராச்சிய பவனம் எனப் பெயர் பெற்றது. 1917இல் இந்திரா பிறந்தது அம்மாளிகையில். அதனருகே குடும்பத்தார் கட்டிக்கொண்ட புதிய இல்லமே இன்று நாம் காணும் ஆனந்த பவனம். அதனையும் 1970இல் இந்திரா காந்தி நாட்டுக்கு உரிமையாக்கினார். நேருவின் நூல்கள் நிறைந்த அறையும், காந்தியடிகள் தங்கிய அறையும் அங்குப் போற்றிக் காக்கப்படுகின்றன.

செல்வம் கொழித்த இம்மாளிகையைக் கண்டு வியப்பதோடு நின்றுவிட்டால் நாம் வரலாற்றைக் கற்றவர் ஆகோம். 1921ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைது செய்யப்பட்டனர். தண்டத் தொகை கட்டுவதில்லை என்பது அவர்தம் கொள்கை. ஆகவே, காவலர் பன்முறை வந்து வீட்டுப் பொருள்களை அள்ளிச் சென்றனர். வெறுமையான கூடங்களைக் கண்டு வளர்ந்த குழந்தைதான் இந்திரா. செல்வத்தைச் சேர்த்த வரலாற்றினும் அதனை இழக்கத் துணிந்த வரலாறே இவ்வில்லத்திற்குப் பெருமை தருவது.

யமுனையைக் கடந்தால் நைனி. அங்குள்ள சிறையில் 1930இல் நேரு அடைபட்டிருந்தார். நோயுற்றிருந்த தந்தையும் சில வாரம் அச்சிறையிலேயே உடனிருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள், மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு அளிக்க வேறு பரிசின்றி, நேரு ஒரு மடல் வரைந்தார். அம்மடலைத் தொடர்ந்து, 1933 வரை பல சிறைகளில் எழுதிய மடல்கள் ஏறத்தாழ இருநூறு. அவற்றின் தொகுப்பே தமிழில் 'உலக சரித்திரம்' என அறியப்படும் பெருநூல். நூலகம் ஏதுமின்றி, குறிப்பேடுகளையும் நினைவாற்றலையும் துணைக்கொண்டு ஒரு தந்தை நடத்திய பாடம் அது. மன்னர்களின் போர்களை மட்டுமன்றி, மாந்தரின் உழைப்பையும் சிந்தனையையும் வரலாறாகக் காட்டிய அப்பாடம் ஆசிரியப் பெருமக்களின் கருத்துக்குரியது.

ஆறுகள் கூடுமிடத்தில் அக்பர் கட்டிய கோட்டையுள் அசோகரின் தூண் ஒன்று நிற்கிறது. அறநெறி பேசும் அத்தூணிலேயே, பின்னாளில் சமுத்திரகுப்தனின் வெற்றிப் புகழை அரிசேனர் பாடிய கல்வெட்டும் பொறிக்கப்பட்டது. காஞ்சி மன்னன் விஷ்ணுகோபனின் பெயர் அதில் இடம்பெற்றிருப்பது தமிழர் நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. சகாங்கீரின் எழுத்தும் அத்தூணில் உண்டு. பல காலங்கள் ஒரே கல்லில் உறையும் இவ்வூர், இந்தியாவைப் பல அடுக்குகள் கொண்ட நாடாகக் கண்ட நேருவின் நோக்கிற்கு நல்ல விளக்கம் ஆகின்றது.

தம் சாம்பலில் ஒரு பிடியைக் கங்கையில் இடவேண்டும் என 1954இல் எழுதிய உயிலில் நேரு வேண்டினார். அதற்குச் சமயக் காரணம் ஏதுமில்லை என்பதையும், இளமை முதல் தம் உள்ளத்தோடு ஒன்றிய அவ்வாறு இந்தியாவின் பழமைக்கும் ஓட்டத்திற்கும் அடையாளம் என்பதையும் அவரே தெளிவுறுத்தினார். பெரும்பகுதிச் சாம்பல் உழவர் பாடுபடும் வயல்களில் வானிலிருந்து தூவப்படவேண்டும் என்பது அவர் விருப்பம். 1964ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அவர் மறைந்தபின், இரண்டும் நிறைவேற்றப்பட்டன.

மாணவர்களே! நினைவிடங்களைக் காணச் செல்லுங்கால் மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். ஆனந்த பவனத்திற்கும் நைனிக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. அதனைக் கடக்க ஒரு குடும்பம் கொடுத்த விலையோ பெரிது. அவ்விலையை அளந்தறிவதே வரலாற்றுப் பயணத்தின் பயன்.