‘கொரோனான்னு எழுதாதீங்க’ முதல் ‘கொரோனான்னு எழுதிக் கொடுங்க’ வரை: புதுக்கோட்டையில் மக்கள் மனநிலை எப்படி மாறியது?

2020-ல் வீட்டில் ஒருவர் கொரோனாவால் இறந்தால், குடும்பத்தார் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘சர்டிஃபிகேட்டில் கொரோனான்னு மட்டும் போட்டுடாதீங்க’. ஊர் ஒதுக்கிவிடும், உடலைக் கொடுக்க மாட்டார்கள், மகளின் கல்யாணம் தடைபடும் என்று ஆயிரம் பயம். 2021 கடைசியில் அதே குடும்பங்கள் ஆவணக் கட்டோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தன. இந்த முறை கோரிக்கை தலைகீழ்: ‘கொரோனாவால்தான் இறந்தார்னு எழுதிக் கொடுங்க’.

இடையில் கடந்தது சுமார் ஒன்றரை ஆண்டுதான். அதற்குள் ஒரு நோயைப் பற்றிய ஊரின் பார்வை இவ்வளவு மாறியது எப்படி? புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும்.

நோய்க்கு முன்பே வந்த பயம்

தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது 2020 மார்ச் 7. ஓமனில் இருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க 144, மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்தவர் விராலிமலை எம்.எல்.ஏ. சி.விஜயபாஸ்கர். தினமும் டி.வி.யில் எண்ணிக்கையைச் சொன்னவரே நம்ம ஊர்க்காரர் என்பதால், புதுக்கோட்டை அந்தச் செய்தியை இன்னும் கொஞ்சம் கூர்ந்து கேட்டது.

ஆனால் ஏப்ரல் நடுப்பகுதி வரை இந்த மாவட்டத்தில் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டை என்று ‘பூஜ்ஜியம்’ மாவட்டங்களை விரல் விட்டு எண்ணிய காலம் அது. நோயாளியே இல்லாத அந்த நாட்களில்தான் பயம் உச்சத்தில் இருந்தது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்தார்கள். வாசலில் மஞ்சள் தண்ணீர், நிலைப்படியில் வேப்பிலை. அம்மை வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். பெயர் தெரியாத நோய்க்குப் பழைய நோயின் வைத்தியம். பங்குனித் திருவிழாவுக்குப் பேர்போன நார்த்தாமலை முத்துமாரியம்மனும் அந்தப் பங்குனியில் பூட்டிய கோயிலுக்குள்தான் இருந்தாள்.

பயம் நோய்க்குப் பதில் ஆட்கள் மேல் திரும்பவும் அதிக நாள் ஆகவில்லை. மே மாதம் கோயம்பேடு சந்தை வழியாகத் தொற்று மாவட்டங்களுக்குப் பரவியதும், ‘சென்னையில் இருந்து வந்திருக்கான்’ என்பதே ஒரு குற்றச்சாட்டு ஆனது. சொந்த ஊருக்கு வரவே இ-பாஸ். அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருப்பது சாதாரணம். வழக்கமாக விமானம் இறங்கி வந்தால் தெருவே திரண்டு விசாரிக்கும். அந்த வருஷம் வந்தவர்கள் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர்தான் இருந்தது.

நோயோடுதான் போராட வேண்டும், நோயாளியோடு அல்ல என்று இருமல் சத்தத்துடன் காலர் ட்யூன் ஒலித்தது நினைவிருக்கும். போனை எடுத்தாலே அதுதான். ஆனால் 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நடந்தது வேறு. கொரோனாவால் இறந்த நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸை அடித்து விரட்டியது. அதன்பிறகே தொற்றால் இறந்தவர்களின் இறுதிச் சடங்கைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ‘கொரோனான்னு எழுதாதீங்க’ என்று குடும்பங்கள் கெஞ்சியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அது அறியாமை அல்ல. ஊர் என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்ததால் வந்த பயம்.

பயம் ஏன் தேய்ந்தது?

2020 ஜூலை கடைசியில் மாநிலத்தின் தினசரி எண்ணிக்கை ஏழாயிரத்தை நெருங்கியது. 2021 பிப்ரவரியில் 500-க்கும் கீழே வந்தது. எண் குறைந்த வேகத்தைவிட மாஸ்க் இறங்கிய வேகம் அதிகம். முதலில் மூக்கில் இருந்து வாய்க்கு, பிறகு தாடைக்கு, அப்புறம் சட்டைப் பைக்கு. மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் இருந்ததால், போலீஸைப் பார்த்தால் மட்டும் அது மறுபடி மேலே ஏறும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2020-லேயே இதற்கு ‘பெருந்தொற்றுச் சோர்வு’ என்று பெயர் வைத்தது. ஆபத்து அப்படியே இருந்தாலும், மாதக் கணக்கில் எச்சரிக்கையாகவே இருக்க மனித மனசால் முடியாது என்பதுதான் விஷயம். ஆனால் புதுக்கோட்டையில் சோர்வு மட்டும் காரணம் அல்ல. காசும் காரணம்.

மொய் விருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி மாதம் வந்தால் பந்தல் போட்டுக் கறி விருந்து வைப்பார்கள். அது வெறும் விருந்து அல்ல, வட்டியில்லாத ஒரு வங்கி. இத்தனை ஆண்டுகள் அடுத்தவர்களுக்குச் செய்த மொய்யை, தன் முறை வரும்போது மொத்தமாக வாங்கி, கடனை அடைப்பார்கள், கிணறு வெட்டுவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு முறை வருவது பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. 2020 ஆடியிலோ கூட்டம் கூடத் தடை, ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. முறை வந்து காத்திருந்த குடும்பத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன அதே பகுதி இது. கோயிலும் கல்யாணமும் இல்லாததால் கீரமங்கலம் பூவுக்கும் விலை இல்லை. ‘கூட்டத்தைத் தவிருங்கள்’ என்பது நகரத்தில் ஒரு அறிவுரை. கூட்டத்தை நம்பியே வரவு செலவு ஓடும் ஊரில் அது வருமானத்தை நிறுத்து என்று சொல்வது போல.

அரசியல்வாதிகளும் தங்கள் பங்குக்குக் கைகொடுத்தார்கள். 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்காக எல்லாக் கட்சிகளும் கூட்டம் கூட்டின. ‘அவங்க கூட்டத்துக்கு வராத கொரோனா நம்ம வீட்டு விசேஷத்துக்கு மட்டும் வருமா?’ என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாம் அலை: பயம் வடிவம் மாறியது

பதில் மே மாதம் வந்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த நாட்களில் தினசரி இறப்பு நானூறைத் தாண்டியது. மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு.

இந்த முறை யாரும் முள் வெட்டிப் போடவில்லை. முதல் அலையில் ‘நமக்கு வந்துருமோ’ என்று பயந்தார்கள். இரண்டாம் அலையில் ‘வந்தால் பெட் கிடைக்குமா, ஆக்சிஜன் கிடைக்குமா’ என்று பயந்தார்கள். 2017-ல் முள்ளூரில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இல்லாமல் இருந்திருந்தால், தீவிர சிகிச்சைக்கு இந்த மாவட்டம் தஞ்சாவூரையும் திருச்சியையும்தான் நம்பியிருக்க வேண்டும். நோயாளியை ஒதுக்கிய ஊர்களிலேயே, இப்போது ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ராத்திரி பகலாகத் தகவல் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டிலும் சொந்தத்திலும் சாவு விழுந்த பிறகு, யாரை யார் ஒதுக்குவது?

ஊசிக்குப் பயந்த கதை

தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் எல்லார் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் இறந்தார். இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பிறகு அதையே சொன்னது. ஆனால் ஊர் டீக்கடையில் அந்த விளக்கம் எடுபடவில்லை. ‘ஊசி போட்டவங்க ரெண்டு வருஷத்துல போயிருவாங்க’ என்று நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஒருவரின் பெயரில் வந்த பொய் ஃபார்வர்டு வேறு.

மனசை மாற்றியது பிரசாரத்தைவிட இரண்டாம் அலையில் கண்ணால் பார்த்த சாவுகள்தான். 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் மாநிலம் முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊசி போட்டார்கள். அரசும் மக்களைப் படித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கறி, சரக்கு சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும், அக்டோபரில் முகாமை சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். இந்தத் தொற்றுக் காலத்தின் மிகச் சரியான முடிவுகளில் ஒன்று என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

வாடிவாசலில் சான்றிதழ்

ஒவ்வொரு ஜனவரியிலும் தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு நடப்பது கந்தர்வக்கோட்டை அருகே உள்ள தச்சங்குறிச்சியில். 2022-ல் அது ஜனவரி 13 அன்று நடந்தது. ஒமைக்ரான் வேகமாக ஏறிக்கொண்டிருந்த வாரம். இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு, பொங்கல் நாட்களில் கோயில்கள் மூடல். ஆனால் ஜல்லிக்கட்டுக்கு அனுமதி. நிபந்தனை: வீரர்களும் மாட்டுக்காரர்களும் இரண்டு டோஸ் சான்றிதழும், இரண்டு நாளுக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் முடிவும் காட்ட வேண்டும். பார்வையாளர்கள் அதிகபட்சம் 150 பேர்.

மாட்டின் கொம்புக்குப் பயப்படாதவர்கள் மூக்கில் குச்சி விட வரிசையில் நின்ற காட்சி பலருக்குச் சிரிப்பாக இருந்தது. உண்மையில் அதுதான் திருப்பம். 2020-ல் டெஸ்ட் என்றால் ஓடினார்கள். 2022-ல் டெஸ்ட் என்பது களத்தில் இறங்க ஒரு பாஸ். அவ்வளவுதான்.

அதற்கு வலுவான காரணமும் இருந்தது. 2022 ஜனவரி 22 அன்று மாநிலத்தில் 30,744 பேருக்குத் தொற்று. இரண்டாம் அலை உச்சத்துக்குப் பக்கத்தில் வரும் எண். ஆனால் இறப்புகள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 2020 கடைசியில் எடுத்த ஆய்வில் தமிழ்நாட்டில் சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்ப்பு சக்தி இருந்தது. 2021 டிசம்பர் ஆய்வில் அது 87 சதவீதம். நோய் வந்து போனதாலும் ஊசியாலும் உடம்பு பழகியிருந்தது. ‘சளிதானே’ என்று ஜனங்கள் சொன்னதில் பாதி அலட்சியம் என்றால், பாதி கண்ணால் பார்த்த கணக்கு.

அந்த மறுபாதிதான் சிக்கல். 18 வயது தாண்டியவர்களுக்கு பூஸ்டர் ஊசியை 2022 ஜூலை 15 முதல் 75 நாட்கள் இலவசமாகக் கொடுத்தும், முதல் இரண்டு டோஸுக்கு நின்ற கூட்டம் வரவில்லை. அதே ஜூலையில் முதலமைச்சர் ஸ்டாலினுக்கே தொற்று உறுதியானபோதும் பஸ்ஸில் மாஸ்க் திரும்பவில்லை.

மறந்தால் யாருக்கு நஷ்டம்?

இப்போது அந்தச் சான்றிதழுக்கு வருவோம். 2021 ஜூன் 30 அன்று, கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொகை 50 ஆயிரம் ரூபாய் என்று முடிவானது. தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா மரணமாகக் கணக்கில் எடுக்கலாம். சான்றிதழில் வேறு காரணம் இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் என்று தமிழ்நாடு அரசும் தனியாக அறிவித்திருந்தது.

இங்கேதான் பழைய பயம் திருப்பி அடித்தது. ஒதுக்கிவிடுவார்கள் என்று டெஸ்டே எடுக்காமல் வீட்டிலேயே வைத்திருந்து இறந்தவர்களுக்கு எந்தத் தாளும் இல்லை. ‘மூச்சுத் திணறல்’, ‘மாரடைப்பு’ என்று எழுதி வாங்கியவர்கள், அது கொரோனாதான் என்று நிரூபிக்க மருத்துவமனைச் சீட்டைத் தேட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் அதிகாரப்பூர்வ கணக்கில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் உள்ளன. தாள் இல்லாத சாவுகள் அந்த எண்ணுக்குள் வராது. இந்தியாவில் உண்மையான இறப்பு 47 லட்சம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டதும், மத்திய அரசு அதை மறுத்ததும் இந்த இடைவெளியைச் சுற்றிய சண்டைதான்.

இப்போது காய்ச்சல் வந்தால்?

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை விலக்கிக்கொண்டது. கிருமி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 2025 மே, ஜூனில் நாடு முழுக்க சிகிச்சையில் இருந்தவர்கள் ஏழாயிரத்தைத் தாண்டியபோது, ‘மறுபடியும் லாக்டவுனா?’ என்று இரண்டு நாள் ஃபார்வர்டு ஓடியது. பிறகு அடங்கிவிட்டது.

பெரும்பாலானோருக்கு இது இப்போது சில நாள் காய்ச்சல்தான். ஆனால் 60 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, சிறுநீரக, இதய நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அப்படி இல்லை. உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் வீட்டுத் தாத்தா பாட்டி அருகில் மாஸ்க் போடுங்கள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடுங்கள். மூச்சு வாங்கினால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், பெரியவர்கள் திடீரென்று குழப்பமாகப் பேசினால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எடுங்கள். முடிவுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.