டிட்டோ

அரசியல் பேச்சு என்றால் ஏற்கெனவே கட்சிப் பற்று உள்ளவர்கள்தான் உட்கார்ந்து கேட்பார்கள். மற்றவர்கள் மெல்ல எழுந்து தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த மற்றவர்களையும் உட்கார வைத்த கதை ஒன்று அமெரிக்க வானொலியில் உண்டு. கதை எழுதுகிறவன் என்ற முறையில் அது எனக்கு மிகவும் சுவையாக இருக்கிறது.

1949-ல் அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம் ஒரு விதி செய்தது. பொதுப் பிரச்னைகளை நிலையங்கள் பேச வேண்டும். மாறுபட்ட கருத்துக்கும் இடம் தர வேண்டும். 1987-ல் ஆணையமே அதைக் கைவிட்டது. அதற்குள் சங்கீதமெல்லாம் பண்பலைக்குக் குடிபோய்விட்டது. பழைய மத்திய அலை நிலையங்கள் பொழுதை நிரப்ப வழி தெரியாமல் தவித்துக் கொண்டிருந்தன.

1988 ஆகஸ்டில் ரஷ் லிம்பா நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்கும் பேசத் தொடங்கினார். அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். இசைத் தட்டுச் சுழற்றிப் பழகியவர். எங்கே நிறுத்தினால் கேட்பவன் காத்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். தினமும் 3 மணி நேரம் கேலிப் பாட்டு, நையாண்டி, பாவனைக் குரல்; நடுவே குடியரசுக் கட்சி அரசியல். நிலையங்களிடம் பணம் கேட்கவில்லை. விளம்பர நேரத்தில் பங்குதான் கேட்டார்கள். சுமார் 50 நிலையங்களில் ஆரம்பித்தது 600-ஐத் தாண்டியது.

எதிர் அணியினர் 2004 மார்ச்சில் 'ஏர் அமெரிக்கா'வைத் தொடங்கினார்கள. அல் பிராங்கன் என்ற ஹாஸ்ய நடிகரே முன்னின்றார். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் 2006-ல் திவால்; 2010 ஜனவரியில் ஒலிபரப்பே நின்றது. பணமுடை ஒரு காரணம். இன்னொருவருக்குப் பதிலாகவே பிறந்தது மற்றொரு காரணம் என்பேன். மறுப்புக்கென்று எழுதப்படும் நாவலும் அநேகமாக இப்படித்தான் முடிகிறது.

லிம்பா 2021-ல் காலமானார். அவர் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. தொலைபேசியில் அவரை அழைத்த நேயர்கள், 'டிட்டோ' என்று ஒரே சொல்லில் தங்கள் ஒப்புதலைத் தெரிவித்தார்கள். 'நானும் அதையே சொல்கிறேன்' என்று அர்த்தம். கேட்பவர் தொகை லட்சக்கணக்கில் பெருகியது. அவர்கள் காதில் விழுந்ததோ ஒரு பக்கத்து வழக்குத்தான். அந்தப் பழைய விதி சலிப்பூட்டியிருக்கலாம். ஆனால் பிடிக்காதவன் குரலும் வீட்டுக்குள் வர அது ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது.

நாவலில் வில்லனுக்குக்கூடத் தன் நியாயத்தைச் சொல்ல ஓர் அத்தியாயம் தருகிறோம். அதைத் தராத கதையை, எத்தனை பேர் ரசித்தாலும், நல்ல கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.