தற்பாலீர்ப்பும் சுவிசேஷ இறையியல் பட்டதாரிகளும்

சுவிசேஷ இறையியல் கல்லூரிகளில் பயின்றோரிடையே தற்பாலீர்ப்புப் பற்றிய நிலைப்பாடு 1990கள் முதல் மெல்ல மாறி வருகிறது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே உரியது என்பதே இக்கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் போதனை. அது இன்றும் தளரவில்லை. விலகியோர் பட்டதாரிகளுள் ஒரு பகுதியினரே. ஆயினும் இவர்கள் வேதாகமத்தை விட்டவர்கள் அல்லர். சபைக்குள்ளேயே கண்ட துயரம் அவர்களை வேதத்தை மறுபடி வாசிக்க வைத்தது.

மெல் வைட்டின் வாழ்வு இதற்குச் சான்று. கலிபோர்னியாவின் பசடீனாவில் 1947இல் தொடங்கப்பட்ட ஃபுல்லர் செமினரியில் படித்து, அங்கேயே கற்பித்தவர் அவர். பில்லி கிரஹாம், ஜெரி ஃபால்வெல் ஆகிய பெரும் பிரசங்கிமாருக்காக மறைவில் இருந்து நூல்கள் எழுதிக்கொடுத்தார். தன் ஈர்ப்பை மாற்றிக்கொள்ள ஜெபம், உளவளச் சிகிச்சை, பேயோட்டுதல், மின்னதிர்ச்சி வரை முயன்றார், ஒன்றும் பலிக்கவில்லை. மனைவி பிள்ளைகளோடு வாழ்ந்த அவருக்கு அந்த ஆண்டுகள் பெரும் வதை. 1993இல் உண்மையைப் பகிரங்கமாகச் சொன்னார், விசுவாசத்தைக் கைவிடவில்லை. அவரைப் போன்றோரின் ஈர்ப்பை மாற்றித் தருவதாக வாக்களித்து 1976 முதல் இயங்கிய எக்ஸோடஸ் அமைப்பு, 2013இல் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன்னைக் கலைத்துக்கொண்டது.

புதிய ஏற்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் ஹேஸ் தற்பாலுறவை ஏற்க மறுத்து 1996இல் எழுதியிருந்தார். 2024இல், ஃபுல்லர் பேராசிரியரான மகன் கிறிஸ்டோபருடன் இணைந்து எழுதிய நூலில் அந்நிலைப்பாட்டைத் துறந்தார். முதுமையில் இதைச் செய்ய மிகுந்த துணிவு வேண்டும்.

இலங்கையில் மெதடிஸ்த, அங்கிலிக்கன் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து 1963இல் நிறுவிய பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியும், 1994இல் உருவான சுவிசேஷச் சார்புடைய கொழும்பு இறையியல் செமினரியும் தமிழ்ப் போதகர்களைப் பயிற்றுவிக்கின்றன. எடுத்துக்காட்டாக, புத்தளம் கரையோரக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அங்கே சுவிசேஷச் சபைகள் சிறியவை. சிறிய சபையில் ஒருவர் தன் ஈர்ப்பைப் போதகரிடம் சொல்வதென்றால், அவர் அஞ்ச வேண்டியது ஊர்ப்பேச்சுக்கு மட்டுமல்ல. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தற்பாலுறவைக் குற்றமாக்கின. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பெண்களும் 365அ பிரிவுக்குள் வந்தனர். குற்றநீக்கத்துக்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அச்சட்டமூலம் நிறைவேறுமுன்பே, 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.