இணைப்புக்குறியும் இடைக்கோடும்

இணைப்புக்குறி (-) சொற்களையும் எண்களையும் ஒன்றாகச் சேர்க்கும் குறுங்கோடு; ஹைபன் எனவும் வழங்கும். இடைக்கோடு அதைவிட நீளமானது. அதில் என் டாஷ் (–) இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட நெடுக்கத்தையும், எம் டாஷ் (—) வாக்கியத்தின் இடையில் வரும் விலகலையும் காட்டுகின்றன. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி போன்ற இடங்களின் பணிக்குறிப்புகள், உதிரிபாகப் பட்டியல்கள், தர ஆவணங்கள் ஆகியவற்றில் இக்குறிகளின் வேறுபாடு முக்கியமானது.

வரலாறு

தமிழ் ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லை. அவை அச்சுடன் வந்தவை. உரைநடையில் அவற்றைப் பரவலாக்கியவர்களில் ஆறுமுக நாவலர் (1822–1879) முதன்மையானவர். தட்டச்சுப்பொறியில் இணைப்புக்குறிக்கும் கழித்தல் குறிக்கும் பெரும்பாலும் ஒரே விசைதான். 1963இல் வெளியான ஆஸ்கி குறிமுறையும் இரண்டுக்கும் ஒரே குறியைத் தந்தது. யூனிகோட் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகளைத் தந்தபோதும், விசைப்பலகையில் எளிதில் கிடைப்பது அந்தப் பழைய பொதுக்குறியே.

இடப்பெயரும் சாலை எண்ணும்

இரண்டு ஊர்களை இணைக்கும் சாலைக்கு என் டாஷ் பொருந்தும்: வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. ஒரகடம் வழியே செல்லும் இச்சாலை மாநில நெடுஞ்சாலை-48. ஸ்ரீபெரும்புதூர் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு சாலை தேசிய நெடுஞ்சாலை-48. எண் ஒன்றே என்பதால், சரக்கு அனுப்பும் முகவரியில் முன்னொட்டை விட்டு வெறும் ‘48’ என எழுதக்கூடாது.

உதிரிபாக எண்

ஹூண்டாயின் ஆயில் ஃபில்டர் ஒன்றின் எண் 26300-35503. இங்குள்ள கோடு எண்ணின் உறுப்பு. அதன் இடத்தில் என் டாஷ் வந்தால் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது; ஆனால் கணினித் தேடலில் அந்த எண் அகப்படாமல் போகலாம். வேர்டு மென்பொருளில் இருபுறமும் இடைவெளி விட்டு இணைப்புக்குறியை இட்டால், தானியங்கித் திருத்தம் அதை என் டாஷாக மாற்றிவிடும். எக்செல்லில் 3-12 என்று தட்டினால் அது தேதியாகிவிடும். அந்தக் கட்டத்தை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ வகையாக வைக்க வேண்டும். 17 எழுத்தெண்கள் கொண்ட வாகன அடையாள எண்ணில் கோடே கிடையாது. படிக்க வசதி என்று நாமாகச் சேர்க்கக்கூடாது.

அளவும் நெடுக்கமும்

‘20–25 நியூட்டன் மீட்டர்’ என்பதில் என் டாஷ் ‘முதல், வரை’ என்று பொருள்படும். எதிர்ம எண் வரும் இடத்தில் இது குழப்பும். ‘−10 முதல் 5 டிகிரி வரை’ என்று சொல்லாலேயே எழுதுவது பாதுகாப்பானது. ‘முதல் 20–25 வரை’ என இரண்டையும் கலப்பது பிழை.

தமிழுக்குரிய வழக்குகள்

எண்ணுடன் வேற்றுமை உருபு சேரும்போது ‘2010இல்’, ‘2010-இல்’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. ஓர் ஆவணத்தில் ஒன்றையே பின்பற்ற வேண்டும். உம்மைத்தொகையில் ‘தாய்-தந்தை’ எனக் கோடிடுவது கட்டாயமல்ல; ‘தாய் தந்தை’ போதும். வரி முடிவில் சொல் உடைந்தால் தமிழ் அச்சில் பெரும்பாலும் இணைப்புக்குறி இடுவதில்லை. ஆனால் கணினியில் தேடாமல் அச்சிட மட்டுமே பயன்படும் ஆவணத்தில் உதிரிபாக எண் இரண்டு வரிகளில் பிரியாதிருக்க, வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் இணைப்புக்குறி விசையை அழுத்தி உடையா இணைப்புக்குறியை இடலாம்.

குறியீட்டு எண்களை மூல ஆவணத்தில் உள்ளபடியே எழுதுவதும், பிற இடங்களில் கோடு ஐயம் தருமானால் சொல்லால் எழுதுவதும் தொழிற்சாலை ஆவணங்களுக்கு ஏற்ற முறை.